வெள்ளிக்கிழமை விளக்கைத் தடுத்தேன்

இன்று மாலை பக்கத்து வீட்டுச் செல்வி, பூஜையறைத் தரையில் குத்துவிளக்கின் முன் தீப்பெட்டியோடு உட்கார்ந்திருந்தாள்.
வாசலிலேயே எனக்கு கேஸ் வாடை அடித்தது.

"செல்வி, கொளுத்தாத."

"இன்னாக்கா, வெள்ளிக்கிழமை அதுவுமா? கேஸ் லீக்காச்சு, மூடிட்டேன். மேல ஜன்னலு தொறந்துக்கினுதான் இருக்குது, எல்லாம் போயிருக்கும்."

"சமையல் கேஸு காத்தவிட கனம்டி. மேல போவாது, தரையிலதான் தேங்கும். உன் வெளக்கு எங்க இருக்குது பாரு."

குச்சி அவள் விரலிலேயே நின்றது.

கதவுகளைத் திறந்துவிட்டு, சுவிட்ச் எதையும் தொடாமல் தெருவுக்கு வந்தோம். ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

"வாரா வாரம் ஏத்தச் சொல்ற நீங்களே வெளக்கேத்தாதன்னு சொல்றீங்களேக்கா" என்றாள்.

வாடை முழுக்கப் போனபின் ஏற்றினோம். சாமி பொறுத்துக்கொண்டார், செல்விதான் இன்னும் முறைக்கிறாள்.

உங்கள் வீட்டில் விளக்கு தரையிலா, மேடையிலா?