அட்டைக்கு வைத்த உப்பு

ஒருவன் உயிரோடிருக்க வேண்டும் என்று அவனைவிட இன்னொருவர் அதிகமாக ஆசைப்பட முடியுமா? காளியாயி அப்படி ஆசைப்பட்டாள். அதை அன்பு என்று உடனே சொல்லிவிட முடியாது; பிடிவாதமும் பார்வைக்கு அப்படித்தான் இருக்கும்.

தலவாக்கலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவள் கொழுந்து பறித்தாள். புருஷன் சின்னராசா தேயிலைச் செடிகளைக் கத்தரித்துக் கவ்வாத்து வெட்டுகிறவன். 1957 ஆனி மழையில் அவனுக்கு முகமும் காலும் வீங்கின. தோட்டத்து டாக்டரய்யா காலில் விரலை அழுத்தி, விழுந்த பள்ளம் தூர்ந்துவர எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்தார்.

“குண்டிக்காய் ரெண்டும் பழுதாப் போச்சு, நீர் பிரியல. மருந்தால திரும்பாது. உப்பு, கருவாடு ஆகாது. தண்ணி நாளைக்கு ஒரு போத்தல்தான்.”

அன்று மாலையே உப்புச் சட்டி வீட்டைவிட்டுப் போயிற்று. அவளும் அவனோடு சப்பென்ற ரொட்டியையே தின்றாள். தொழிலாளர் குடியிருந்த லயத்தின் பன்னிரண்டு வாசலிலும் ஏறி, அவனுக்குக் குழம்பு கொடுக்கக் கூடாது என்று சொல்லிவைத்தாள். பக்கத்துக் குடும்பத்தின் காம்பராவில் கருவாடு வாட்டினால் சண்டைக்குப் போனாள்.

“ஜெயில்லகூட உப்புப் போடுவானுங்கடி,” என்றான் சின்னராசா.

“ஜெயிலுக்குப் போனவன் திரும்பி வருவான். நீங்க போகப் போற எடத்துலருந்து வருவீங்களா? தின்னுங்க.”

நான்கு மாதமாகியும் வீக்கம் வடியவில்லை. டாக்டரய்யா அவளைத்தான் ஏசினார்.

“வீட்டுல உப்பு இருக்கு புள்ள.”

“மாரியாத்தா மேல ஆணையா இல்லைங்கய்யா.”

அவள் பொய் சொல்லவில்லை. மழையில் மலைக்கு வேலைக்குப் போகிறவர்கள் அட்டைக் கடிக்கு உப்பைத் துணியில் முடிந்து இடுப்பில் செருகிக்கொள்வார்கள். உப்புப் பட்டால் அட்டை சுருண்டு விழும். அந்த உப்பு வாசலுக்கு வெளியே, சாம்பல் தகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும். அதைச் சாப்பாட்டுச் சாமானாக யாரும் நினைப்பதில்லை. தினமும் காலையில் அவனுக்கு முடிந்து கொடுத்தவள் அவளேதான்.

ஒருநாள் மதியம் கொழுந்தை நிறுக்கப் போகும் வழியில் அவனைக் கண்டாள். கல்லில் உட்கார்ந்து, ரொட்டியை அந்த முடிச்சில் தொட்டுத் தொட்டுத் தின்றுகொண்டிருந்தான்.

“அட்டைக்கு வச்சதையா தின்னுறீங்க?”

“அட்டைக்குக் குடுக்குற. புருசன் அதுக்கும் கீழயாடி?”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் முடிச்சைப் பிடுங்கிக்கொண்டு போனாள்.

மறுநாளிலிருந்து முடிச்சு இல்லாமல் மலைக்குப் போன அவன், மாலையில் அட்டை கடித்து முழங்காலுக்குக் கீழே ரத்தம் வழிய வந்தான். வீங்கிய தோலில் கடிவாய் லேசில் அடைபடவில்லை. அவள் துடைத்துவிடுவாள். வீக்கம் கொஞ்சம் வடிந்தது. ஆனால் காலம் கடந்திருந்தது. நாலு எட்டு நடந்தாலே மூச்சு வாங்கியது.

டாக்டரய்யா பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தார். “அங்க உப்பு விசயத்துல யாரையும் ஏமாத்த முடியாது. சுகமாகாது. கொஞ்ச நாள் கூடக் கெடைக்கும், அவ்வளவுதான்.”

இந்த முறை சின்னராசா முரண்டு பிடிக்கவில்லை. “நீ சொல்றபடியே போறேன் புள்ள,” என்றான். குரலில் கிண்டல் கொஞ்சமும் இல்லை.

தலவாக்கலையில் பஸ் வந்து நின்றது. அவன் கம்பியைப் பிடித்து, தனக்காக அல்ல, அவள் ஆசைக்காக ஒரு காலை மேலே வைத்துவிட்டான். காளியாயி பின்னாலிருந்து அவன் முழங்கையைப் பற்றிக் கீழே இறக்கினாள். பஸ் போயிற்று. இருவரும் நின்று நின்று, தோட்டத்துக்கே நடந்தார்கள்.

தை பிறக்குமுன் அவன் இறந்தான். பஸ்ஸிலிருந்து ஏன் இறக்கினாய் என்று டாக்டரய்யா கேட்டார். அவள் மடிப்புக் கலையாத கடிதத்தை மேசைமேல் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள்.