கூரையில் விழுந்த பெயர்

கேபிள் டிவியின் இரைச்சலையும் மீறி, எங்கள் தி. நகர் வீட்டின் தகரக் கொட்டகை மேல் ஒரு மாங்காய் விழுந்தது. நான் வருவாய்த் துறையில் ஓய்வு பெற்றவன். எந்த அத்துமீறலுக்கு யாரிடம் மனுக் கொடுப்பது என்பது எனக்கு அத்துப்படி. அந்தச் சத்தத்துக்கு மட்டும் நடைமுறை தெரிந்தவர் அப்பா.

நாற்பதுகளில் மயிலாப்பூர்ச் சந்து ஒன்றில் குடியிருந்தோம். பள்ளி வாத்தியாரான அப்பா கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்த பிறகு, மாலை ஜெபத்தில் பாட்டு தொடங்கியதும் தகரக் கூரையில் கல் விழும். எறிபவன் எதிர்வீட்டு மாணிக்கம். உடனே அப்பா, "ஆண்டவரே, மாணிக்கத்தின் தோள்வலியைக் குணமாக்கும்" என்று தெருவுக்கே கேட்கும்படி வேண்டுவார்.

"யோவ் வாத்தியாரே, எம் பேர இன்னாத்துக்கு இஸ்துகினு கீறே?"

"கல்லு உன்னுதுதானே நைனா?"

வீட்டுக்காரர் வந்து, "பாட்டை நிறுத்துங்க, இல்லேன்னா காலி பண்ணுங்க" என்றார். ஜன்னலையாவது சாத்தலாமே என்று அப்பாவிடம் கேட்டேன்.

"சாத்தினா மாணிக்கத்துக்கு எப்படிடா கேக்கும்?"

காலி செய்தோம். சாமான் ஏற்றிய வண்டி வாசலில் நிற்க, வெறும் அறையில் கடைசி ஜெபம் நடந்தது. அன்று கல் விழவில்லை. அப்பா ஆமென் சொல்லாமல் சற்று நேரம் காத்திருந்தார். பிறகு வழக்கம்போல அவன் பெயரைச் சொல்லி முடித்தார்.

மாங்காயை யாரும் போய் எடுக்கவில்லை. நான் கண்ணை மூடிப் பார்த்தேன். ஜெபம் ஒன்றும் வரவில்லை. மாணிக்கம் என்ற பெயர் மட்டும் வந்தது.