மைக் அக்காவின் குறட்டை

ரயில் நிலையத்தில் அவரை எல்லோரும் மைக் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது என்று அறிவிப்பது அவர் வேலை. பல வருடங்களாகத் தடுமாறாத குரல். ஐம்பதைத் தாண்டியதும் வந்தது வினை. காலையில் எழுந்தால் வாய் வறண்டு, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். தலை பாறையாகக் கனக்கும். மத்தியானம் கண் தானாகச் சொக்கும். ஒருநாள் அப்படிச் சொக்கி விழித்தவர், புறப்பட்டுப் போய்விட்ட வண்டியை "இன்னும் சற்று நேரத்தில் வந்து சேரும்" என்று கம்பீரமாக அறிவித்துவிட்டார். நடைமேடையே சிரித்தது. அக்காவுக்கு அழுகை வந்தது.

எலக்ட்ரீஷியனான கணவர் எப்போதோ தலையணையோடு கூடத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டார்.

"உன் குறட்டையில ஜன்னல் கண்ணாடி அதிருது."

"நானா? குறட்டையா? முதல்ல உங்க காதைக் கொண்டுபோய்க் காட்டுங்க!"

கடைவாய்ப் பல் கூசி உயிரை வாங்கவே, இருவரும் பல் மருத்துவரிடம் போனார்கள். இளம்பெண், விளக்கடித்து வெகுநேரம் பார்த்தார்.

"கடைவாய்ப் பல்லெல்லாம் தேஞ்சிருக்கு அக்கா. ஈறு ஓரமா சொத்தை. நாக்கு ஓரத்துல பல் பதிஞ்ச தடம் வேற. வாயைத் தொறந்துட்டுத் தூங்குவீங்களா?"

வாயில் மருத்துவரின் குட்டிக் கண்ணாடியை வைத்துக்கொண்டு எப்படிப் பதில் சொல்வது? கணவர் முந்திக்கொண்டார்.

"என்னைக் கேளுங்க டாக்டர்! குறட்டை விட்டுட்டே இருப்பா. திடீர்னு சத்தமே நின்னுடும். எனக்கு உயிரே போய்டும். அப்புறம் திணறிக்கிட்டு மறுபடி ஆரம்பிப்பா."

அக்கா அவர் பக்கம் திரும்பினார். "நீங்க கூடத்துலதானே தூங்குனீங்க?"

"எங்க தூங்குனேன்? உன் ரூம் கதவோரமாத்தானே காதைத் தீட்டிட்டுப் படுத்திருந்தேன்."

மருத்துவர் இடையில் புகுந்தார்.

"தூக்கத்துல தொண்டை அடைச்சு மூச்சு நிக்குதுன்னு சந்தேகப்படறேன். வாயால மூச்சு விட்டா எச்சில் காஞ்சிடும். பல்லுக்குக் காவலே எச்சில்தான். பிரஷர் இருக்கா?"

"மாத்திரை போட்டும் எறங்க மாட்டேங்குது."

"அதுக்கும் இது காரணமா இருக்கலாம். சொத்தையை நான் அடைச்சிடறேன். ஆனா நீங்க தூக்கப் பரிசோதனை பண்ணியே ஆகணும்."

பரிசோதனையில் சந்தேகம் உறுதியானது. தூங்கும்போது மூக்கில் மாட்டிக்கொள்ள, காற்றை மெல்ல உள்ளே செலுத்தும் ஒரு கருவியைக் கொடுத்தார்கள். முதல்முறை மாட்டிக்கொண்டு அக்கா கண்ணாடியில் பார்த்தார்.

"யானைக் குட்டி மாதிரி இருக்கேன், இல்லங்க?"

"அழகான யானைக் குட்டி!"

சில நாள் அந்தக் குழாயோடு மல்லுக்கட்டினார். பிறகு பழகிவிட்டது. தலைவலி விட்டது, பகல் தூக்கம் பறந்தது. அடுத்தடுத்துப் பார்த்தபோது இரத்த அழுத்தமும் இறங்கியிருந்தது; பிரஷருக்குப் பார்க்கும் மருத்துவர் ஒரு மாத்திரையைக் குறைத்தார். அடைத்த பல் வம்பு செய்யவில்லை.

கணவர் தலையணையோடு அறைக்குத் திரும்பினார். ஆனால் வந்த முதல் வாரம் அவருக்குத்தான் தூக்கம் பிடிக்கவில்லை. அத்தனை நிசப்தம்! நிமிஷத்துக்கொரு தரம் எழுந்து அக்காவின் மூக்கருகே கையை நீட்டிப் பார்த்தார்.

"என்னங்க?" என்று கண் திறக்காமலே அக்கா கேட்டார்.

"இல்ல... இருக்கியான்னு பார்த்தேன்."

"இருக்கேன். பேசாம படுங்க."

படுத்தவர் சற்று நேரத்தில் பலமாகக் குறட்டை விடத் தொடங்கினார். அக்கா சிரித்தபடியே, மறுநாள் பல் மருத்துவரிடம் யாரை அழைத்துப்போவது என்று முடிவு செய்துவிட்டுத் திரும்பிப் படுத்தார்.