பின்சீட் இல்லாத வண்டி

பாவாடையை வேலைக்குச் சேர்த்துக்கொண்ட நாளில் டாக்டர் காசிநாதன் கேட்டது ஒரே கேள்விதான்.

"வாய்க்கால்ல எறக்கிட மாட்டியே?"

அவரே இரண்டு முறை இறக்கியிருந்தார். அரியலூர் கடைவீதிக்குப் பக்கத்தில் சின்னதாக ஆஸ்பத்திரி வைத்திருந்த காசிநாதனுக்குக் கார் என்றால் உயிர். ஓட்டத்தான் வரவில்லை. திருச்சியில் வேலை முடிந்து சீமைக்குக் கிளம்பிய ஒரு துரையிடம் ஆசைப்பட்டு வாங்கிய எம்.ஜி. கார் அது. பச்சை நிறம், நீண்ட மூக்கு, சைக்கிள் சக்கரம் மாதிரி கம்பி கோத்த உயரமான சக்கரங்கள். மழை வந்தால் மேலே இழுத்து மூட ஒரு கித்தான். முன்னால் எட்டு மூலை வில்லை ஒன்றில் எம், ஜி என்று இரண்டே எழுத்து. டீக்கடைக்காரர்கள் அதைப் பார்த்து, "எம்.ஜி. வந்தாச்சு, ஆரைக் காணுமே" என்று சிரிப்பார்கள்.

அது 1970. பாவாடைக்கு அப்போது இருபத்து நாலு வயது. குன்னத்துக்குப் பக்கத்துக் கிராமம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் கொல்லையில் பருத்தி எடுத்தும் வெங்காயம் வெட்டியும் பிழைத்தார்கள். அந்த வேலை வேண்டாமென்று திருச்சிக்கு ஓடிப் போய் லாரியில் கிளீனராக இருந்து ஓட்டக் கற்றுக்கொண்டவன் பாவாடை. கல்யாணமான புதுசு. ஊரோடு இருக்கச் சொல்லி மனைவி ஆண்டாயி கேட்டதால்தான் அரியலூர் வேலைக்கு வந்தான்.

முதல் நாள் வண்டியைத் துடைத்து வைத்துவிட்டு அவன் குழம்பிப் போய் நின்றான். டாக்டர் எங்கே உட்காருவார் என்று தெரியவில்லை. அந்த வண்டிக்குப் பின்சீட் கிடையாது. மொத்தமே இரண்டு பேருக்குத்தான் இடம்.

காசிநாதன் பையோடு வந்து இடது பக்கம் ஏறிக்கொண்டார். "என்ன பாக்குற? ஏறு."

தோள் தோளில் பட்டுவிடக் கூடாதென்று பாவாடை கதவோடு ஒட்டிக்கொண்டு ஓட்டினான். ஜெயங்கொண்டம் சாலையில் பள்ளத்துக்குப் பள்ளம் இரண்டு பேரும் இடித்துக்கொண்டார்கள். டாக்டர் நகர்ந்து உட்காரவில்லை. ஒரு மாதத்தில் பாவாடைக்கு ஒதுங்குவது மறந்துபோனது. வண்டி ஓடும்போது காற்று இரைச்சலில் கத்தித்தான் பேச வேண்டும். நோயாளிகளைப் பற்றி, மழையைப் பற்றி, ஆண்டாயி வைக்கும் கருவாட்டுக் குழம்பைப் பற்றி என்று இருவரும் ஊருக்கே கேட்கிற மாதிரி பேசிக்கொண்டு போவார்கள்.

ஒருமுறை ஒரு பெரிய விவசாயி வீட்டுக்கு, அவருடைய தாயாரைப் பார்க்கப் போனார்கள். வைத்தியம் முடிந்து வழியனுப்ப வந்த அந்த மனிதர், பாவாடையின் காதில் விழும்படியே சொன்னார்.

"டாக்டர், உங்களுக்கு நல்ல வண்டியா ஒண்ணு வாங்கக் கூடாதா? இந்தப் பயலப் பக்கத்துல உக்கார வச்சிக்கிட்டு வர்றீங்க. பாக்க நல்லாவா இருக்கு?"

"இதுல பின்னாடி சீட் இல்லீங்களே" என்றார் காசிநாதன். ஏறி உட்கார்ந்து, "எடு பாவாடை" என்றார்.

பாவாடைக்கு அன்று முழுக்க அந்தப் பதில்தான் மனசில் ஓடியது. வீட்டுக்கு வந்து ஆண்டாயியிடம் சொன்னான். "சீட் இருந்திருந்தா பின்னாடி போயிருப்பாருன்னுதான அர்த்தம்?"

"இல்லாத சீட்டுக்கு எதுக்குய்யா கவலப்படுற? சோத்தத் தின்னு" என்றாள் அவள்.

பெட்ரோல் விலை தாறுமாறாக ஏறிய வருஷம் எம்.ஜி.யை விற்கும்படி ஆனது. உதிரி பாகம் கிடைக்கவில்லை. உள்ளே மரச் சட்டங்களைக் கரையான் அரித்திருந்தது. மெட்ராஸிலிருந்து ஆள் வந்து ஓட்டிக்கொண்டு போனான். அதற்குப் பதில் ஒரு வெள்ளை அம்பாசிடர் வந்தது.

புது வண்டி வந்த காலையில் பாவாடை காக்கிச் சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டான். கோர்ட் வாசலில் மற்ற டிரைவர்கள் எப்படி நிற்கிறார்கள் என்று பார்த்திருக்கிறான். அதேபோல் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். முன்பக்கமாக வந்துகொண்டிருந்த காசிநாதன் ஒரு கணம் நின்று அவனைப் பார்த்தார். பிறகு பின்னால் ஏறிக்கொண்டார்.

அதோடு பேச்சு குறைந்துபோனது. அம்பாசிடரில் காற்று இரைச்சல் இல்லை, கத்த வேண்டியதில்லை. ஆனாலும் பேச்சு வரவில்லை. டாக்டர் பேப்பர் படித்தார். கண்ணாடியில் அவர் நெற்றி மட்டும் தெரிந்தது. தான் நினைத்தது சரிதான் என்று பாவாடைக்குப் பட்டது. கோபம் வரவில்லை. ஏதோ ஒன்று கைவிட்டுப் போன மாதிரி இருந்தது. எறையூரில் சர்க்கரை ஆலை தொடங்கி ஆள் எடுத்தபோது லாரி டிரைவராகச் சேர்ந்துவிட்டான்.

"போயிட்டு வரேங்கய்யா."

"சரி. ஒடம்பப் பாத்துக்க."

அவ்வளவுதான் பேசிக்கொண்டார்கள்.

1984-இல் விக்கிரமங்கலம் பக்கம் கரும்பு ஏற்றப் போனபோது லாரி சூடேறி நின்றது. தண்ணீர் கேட்டுக் குடத்தோடு பக்கத்திலிருந்த ரைஸ்மில்லுக்குள் போனான் பாவாடை. தவிட்டு மூட்டைகளுக்குப் பின்னால், கோழி முட்டையிட்டு வைத்திருந்த ஒரு துருவேறிய காரின் முன்னால் அந்த எட்டு மூலை வில்லை தெரிந்தது. குடத்தைக் கீழே வைத்துவிட்டு வில்லையைத் துண்டால் துடைத்தான்.

மில் முதலாளி அய்யாக்கண்ணு பின்னாலேயே வந்து நின்றார். "எங்கண்ணன் ஏற்காட்டு எஸ்டேட்ல வேல பாத்தப்ப கொண்டாந்தது. அவரும் போய்ச் சேந்துட்டாரு. எடைக்குப் போடலாம்னு இருக்கேன்."

"எனக்குக் குடுங்களேன்."

"இத வச்சு என்ன பண்ணுவ?"

"ஓட்டுவேங்க."

அய்யாக்கண்ணு சிரித்தார். "எடுத்துட்டுப் போப்பா. ஷெட்டு காலியானாப் போதும்."

டாக்டரின் பழைய வண்டியல்ல அது. சக்கரம் சின்னது, கம்பி கிடையாது, நிறம் கறுப்பு. அதற்குப் பின்னால் வந்த தம்பி வண்டி. ஆனாலும் கதவு அதே மாதிரி பின்பக்கம் கீல் வைத்துத் திறந்தது. அந்தச் சீட்டில் உட்கார்ந்து காலை நீட்டியதும் பாவாடையின் கண் தானாக இடது பக்கத்துச் சீட்டுக்குப் போனது.

அரவை இல்லாத மாதங்களில் ஆலைப் பட்டறை ஆட்கள் கைகொடுத்தார்கள். மரச் சட்டங்களைத் தச்சர் புதிதாகச் செய்தார். அம்பாசிடர் டயர் அளவாகப் பொருந்தியது. ஆண்டாயிக்குத்தான் பொறுக்கவில்லை. "ரெண்டு ஆடு வாங்கியிருந்தாக் குட்டியாவது போட்டிருக்கும்" என்று நாளெல்லாம் முணுமுணுத்தாள். ஒரு சாயங்காலம் சாவியைத் திருப்பியதும் முன்னாலிருந்து டிக் டிக் டிக் என்று சத்தம் வந்தது.

"உள்ள பல்லி கெடக்குதா?" என்றாள்.

"பெட்ரோல் பம்பு புள்ள. உசுரு வந்துருச்சு."

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆண்டாயியைப் பக்கத்தில் உட்காரவைத்து, எறையூரிலிருந்து பெரம்பலூர், குன்னம் வழியாக அரியலூருக்கு ஓட்டினான். காற்றில் பறந்த முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்ட அவள், குன்னம் தாண்டும் வரை கதவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு, "இன்னும் கொஞ்சம் வெரசாப் போயேன்" என்றாள்.

காசிநாதன் ஆஸ்பத்திரியை மூடிவிட்டிருந்தார். மனைவி இறந்து, வீட்டில் தனியாக இருந்தார். சத்தம் கேட்டுச் செருப்புக்கூடப் போடாமல் வாசலுக்கு வந்தார்.

"இது நம்ம வண்டி இல்லியே."

"இல்லீங்கய்யா. ஆனா எம்.ஜி.தான்."

ஆண்டாயி இறங்கிவிட்டாள். "நீங்க ரெண்டு பேரும் ஒரு சுத்து சுத்திட்டு வாங்க."

"நீ உள்ள போயி ஃபேனப் போட்டு உக்காரும்மா. இந்தா வந்துடுறோம்" என்று ஏறிக்கொண்டார் டாக்டர்.

ஊர் தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருப்பார்கள், மழை பிடித்துக்கொண்டது. இந்த வண்டிக்கு இன்னும் கித்தான் போடவில்லை. ஒரு புளியமரத்தடியில் நிறுத்திவிட்டு இருவரும் வண்டியிலேயே நனைந்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

"அம்பாசிடர் வந்த அன்னைக்கு ஏன் பாவாடை பின்கதவத் தொறந்த?" என்றார் காசிநாதன்.

"மத்த டிரைவருங்க அப்படித்தான் செஞ்சாங்க. உங்களுக்குக் கௌரவமா இருக்கட்டும்னு."

"நான் முன்னாடி ஏறத்தான் வந்தேன். நீ கதவப் புடிச்சிக்கிட்டு நின்ன. நான் தள்ளி இருக்கணும்னு நெனக்கிறான் போலன்னு பட்டுது. சரின்னு பின்னாடி போயிட்டேன்."

பாவாடை அவர் பக்கம் திரும்பினான். "நீங்களாத்தான் பின்னாடி போறீங்கன்னு நான் நெனச்சேங்கய்யா."

"கேட்டிருக்கலாம்ல?"

"நீங்களும் சொல்லியிருக்கலாங்க."

டாக்டர் மெல்லச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் பாவாடைக்குத் துணிச்சல் வந்தது. "ஒண்ணு கேக்கட்டுங்களா? அந்தப் பெரிய வெவசாயி வூட்டு வாசல்ல, சீட் இல்லைன்னு சொன்னீங்களே. இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

காசிநாதன் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கக் காய்ந்த துணி எதுவும் இல்லாமல் மறுபடி மாட்டிக்கொண்டார். "தெரியல பாவாடை. அவர எதிர்த்துப் பேச அன்னைக்கு எனக்குத் தைரியம் இல்ல. வண்டி மேல சாக்குச் சொல்லித் தப்பிச்சேன்."

அவர் வேறு எப்படிச் சொல்லியிருந்தாலும் பாவாடை நம்பியிருக்க மாட்டான். இதை நம்பினான். மனசு லேசானது.

மழை விட்டுத் திரும்பி வந்தபோது வீட்டுக்குள்ளிருந்து ரசம் கொதிக்கும் வாசனை வந்தது. காலியாகக் கிடந்த அடுப்பைப் பார்க்கப் பொறுக்காமல் ஆண்டாயி பற்றவைத்திருந்தாள். அடுத்தவர் வீட்டு அடுப்படிக்குள் நுழைந்துவிட்டோமே என்று, டாக்டரைக் கண்டதும் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"சட்டி பானையெல்லாம் கெடைச்சுதா?" என்றார் காசிநாதன்.

"கெடைச்சுதுங்க. மொதல்ல ரெண்டு பேரும் தலையத் தொவட்டுங்க. சின்னப் புள்ளைங்க மாதிரி நனஞ்சு வந்து நிக்கிறீங்க."

காசிநாதன் அவள் நீட்டிய துண்டில் தலையைத் துடைத்துக்கொண்டே உள்ளே போனார். அலமாரியிலிருந்து மூன்று தட்டுகளை எடுத்து மேஜை மேல் வரிசையாக வைத்தார்.