பஞ்சாமிர்தக் கடைக்காரர் ஒப்புக்கொண்டது

சென்னைப் பல்கலைக்கழகத்தில் மனவியலோடு குற்றவியலையும் சேர்த்து நான் படித்தது அறுபதுகளின் கடைசியில். மலைமேல் இருக்கும் எங்கள் ஊரான வில்பட்டியில் அதை யாருக்கும் விளங்கவைக்க முடியவில்லை. திருடுகிறவன் ஏன் திருடுகிறான் என்று படிக்கிறேன் என்றால், "வேணும்னுதேன் திருடுறான். இதுக்கு எதுக்கு மெட்ராஸ்?" என்பார்கள். நியாயமான கேள்விதான். எனக்கோ அந்தப் படிப்பின்மேல் பைத்தியம். சிறைக்குப் போய்க் கைதிகளோடு பேசிவிட்டு வந்த நாட்களில் விடுதிச் சோறு தொண்டையில் இறங்காது. பயத்தால் அல்ல, சந்தோஷத்தால். இப்படியும் ஒரு படிப்பா, இதற்கு மார்க் வேறு போடுகிறார்களா என்று மிதந்துகொண்டிருப்பேன்.

முதல் வருடம் முடிந்து கோடை விடுமுறைக்கு ஊர் வந்தால், அப்பா எனக்கு மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார். பழனியில் சொந்தமாகப் பஞ்சாமிர்தக் கடை. அவர்களுக்குப் பிடித்துவிட்டால் ஆனியில் கல்யாணம், படிப்பு அத்தோடு சரி. நான் அழுதேன், சாப்பிடாமல் கிடந்தேன். அப்பா அசையவில்லை.

"ஏத்தா, அவுக வர்ற அன்னைக்கு வாயத் தொறக்கக் கூடாது. காப்பியக் குடுத்தமா, பாயில உக்காந்தமான்னு இருக்கணும்" என்றார்.

சரி, ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று நானும் வீம்பாக முடிவு செய்தேன். ஆனால் தலையைக் குனிந்துகொள் என்று அவர் சொல்ல மறந்துவிட்டார்.

தரகர், மாப்பிள்ளை, அவருடைய அப்பா, அத்தை என்று நாலு பேரும் வத்தலக்குண்டு சுற்றி பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். எல்லார் முகமும் வெளுத்துக் கிடந்தது. மலைப்பாதை வளைவு யாரைத்தான் விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

காப்பியைக் கொடுத்துவிட்டுப் பாயில் உட்கார்ந்தேன். எதிரே மாப்பிள்ளையின் அப்பா. வேறு சோலி இல்லாததால் அவரையே பார்த்தேன். துண்டை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினார். தொண்டையைச் செருமினார்.

"சீசன்ல மட்டுந்தேங்க" என்றார் திடீரென்று.

"என்னதுங்க?" என்றார் அப்பா.

"தைப்பூசக் கூட்டத்துல நெய் கொஞ்சம் கொறையும். மத்த நாள்ல அப்படி இல்லைங்க. முருகன் சத்தியமா."

யாரும் எதுவும் கேட்கவில்லை. அப்பா விழித்தார். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அவரை இனியும் பார்த்தால் மானம் போய்விடும் என்று அத்தையின் பக்கம் திரும்பினேன். அந்த அம்மாள் பதறிப்போனார்.

"என்னய ஏன் தாயி பாக்குற? சாதகத்துல வயசக் கொறச்சு எழுதச் சொன்னது எங்கண்ணந்தேன். பயலுக்கு முப்பத்தி நாலு."

"நீதான எழுதச் சொன்ன!" என்று அண்ணன்காரர் பாய்ந்தார்.

தரகர் குளிரிலும் வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். கேள்வியைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள், மிச்சத்தை எதிராளி பார்த்துக்கொள்வான் என்று எங்கள் பேராசிரியர் வகுப்பில் சொல்வார். நான் கேள்வியைக்கூடக் கேட்கவில்லையே! கன்னத்தை உள்ளுக்குள் கடித்துக்கொண்டு, இந்தத் தடவை வேண்டுமென்றே, மாப்பிள்ளையை நிமிர்ந்து பார்த்தேன்.

பாவம், அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"எனக்கு இதுல இஷ்டமே இல்லைங்க. எங்க கடைக்கு மலைப்பழம் கொண்டாற வீட்டுப் பொண்ணத்தேன் கட்டணும்னு இருக்கேன். இவுக ஒருத்தரு மூஞ்சியப் பாத்தாலே மனசுல கெடக்குறதக் கண்டுபிடிச்சிருவாக, அதுக்குத்தேன் மெட்ராஸ்ல படிக்கிறாகன்னு தரகர் பஸ்ஸுல வரும்போது சொன்னாரு. எப்படியும் தெரியப்போகுது. அதேன் நானே சொல்லிட்டேன்."

சம்பந்தத்துக்கு மவுசு கூட்டுவதாக நினைத்துத் தரகர் அள்ளிவிட்டது இது. மாப்பிள்ளை வீட்டார் மூன்று பேரும் மலையேறுகிற வழியெல்லாம், வளைவுக்கு வளைவு, தாங்கள் செய்ததையெல்லாம் நினைத்து நினைத்து வெளுத்திருக்கிறார்கள்.

பஜ்ஜியை யாரும் தொடவில்லை. அடுத்த பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டார்கள். மாப்பிள்ளை மட்டும் வாசலில் நின்று எனக்கு ஒரு கும்பிடு போட்டார்.

நான் பின்பக்கம் பூண்டு காயப்போட்டிருந்த கொட்டகைக்குள் ஓடினேன். அந்தக் காரவாடையில் விழுந்து விழுந்து சிரித்தேன். தப்பித்தேன், தப்பித்தேன் என்று ஒரு பூண்டுக் கட்டைத் தூக்கிக்கொண்டு சுற்றினேன். ஒருவரை அளக்க ஒரு வருடப் படிப்பில் எனக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த நிமிஷம் உலகத்துத் திருடர்களெல்லாம் எனக்காக வரிசையில் நிற்பதுபோல இருந்தது.

கொட்டகை வாசலில் அப்பா வந்து நின்றார். திட்டுவார் என்று பூண்டைக் கீழே வைத்தேன். அவர் திட்டவில்லை. உள்ளே வந்து, ஒரு பூண்டை எடுத்துச் சருகை உரித்துக்கொண்டு, எனக்கு முதுகு காட்டி நின்றார்.

"என்னயப் பாக்காத" என்றார்.

"பாக்கலப்பா."

"படிச்சாக் கெட்டுப்போவன்னு இந்தச் சம்பந்தத்தப் பாக்கலத்தா. படிச்சு முடிச்சின்னா நீ இங்கிட்டு வரமாட்ட. பழனின்னா மாசத்துக்கு ஒருக்கா வந்து உன்னயப் பாத்துக்கிரலாம்ல. அதேன்."

இதை என்னால் ஊகிக்கவே முடியவில்லை. பிடிவாதம், ஊர்ப்பேச்சுக்குப் பயம் என்றுதான் அவரைப் பற்றி எண்ணியிருந்தேன். சிரிப்பு நின்றுவிட்டது. ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளவேண்டும் போல இருந்தது. எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் கிடையாது.

"முடிச்சிட்டு வந்துருவியா?" என்று கேட்டார்.

"வந்துருவேன்ப்பா."

அப்போதுதான் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். "சரி, போயிட்டு வெரசா வா" என்றார்.

அன்றைக்கு அதை உண்மையாகத்தான் சொன்னேன். படிப்பை முடித்த பிறகு அவர் இருந்த காலம்வரை, நான் வில்பட்டியில் ஒரு வாரம் சேர்ந்தாற்போல் தங்கியதில்லை.