டிராகன் போட்ட அட்டை

நாலு பேர் உட்கார்ந்து பகடை உருட்டிக் கதை சொல்லி ஆடும் விளையாட்டுகளின் பழைய விதிப் புத்தகங்களைச் சேர்க்கிறேன். இப்போது அச்சில் இல்லாத ஒன்றின் அட்டையை அம்பத்தூர் பழைய பேப்பர் கடைக்காரரிடம் போனில் காட்டி, வந்தால் எடுத்து வைக்கச் சொல்லியிருந்தேன். இரண்டு வருடம் கழித்துக் கூப்பிட்டார். ஓடினேன். டிராகன் போட்ட அட்டை மட்டும் இருந்தது. கெட்டி அட்டையைக் கிழித்துத் தனியாகப் போடுவது அவர்கள் வழக்கம். தாள்களெல்லாம் காலை லோடில் போய்விட்டன.

"நீ காட்டுன படம் இதான அண்ணாத்தே? உள்ள வெறும் இங்கிலீசுதான் இருந்துச்சு. நீ இன்னா, படிக்கவா போற?"

அறையத்தான் கை வந்தது. அட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்து, நான் படிக்காத மற்றப் புத்தகங்களைப் போலவே பிளாஸ்டிக் உறை போட்டு அலமாரியில் வைத்தேன்.