பரணில் கிடைத்த கார் விளக்கு

பழைய சாமான் கடை வைத்திருப்பவனுக்குச் சாமானை விற்பது பாதி வேலைதான். அதைப் பார்த்ததும் ஆட்கள் சொல்லும் கதையை நின்று கேட்பது மீதி வேலை. என்னைப் போலவே கடை போட்டு அவதிப்படும் ஆத்மாக்களே, தொண்ணூறுகளில் கோயமுத்தூரில் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

வடிதட்டு ஆகுமுங்களா?

சோமனூர்ப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டை இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு விழுந்தடித்து ஓடினேன். பண்ணாடி, அதாவது தோட்டத்து முதலாளி, காலமாகி ரொம்ப வருஷம். மகன் பரண் சாமான் மொத்தத்தையும் என் தலையில் கட்டினார். கிழிந்த ஜமுக்காளம், ஓட்டை அண்டா என்று கிளறிக்கொண்டே போனால், அடியில் பித்தளையில் ஒரு கார் முன்விளக்கு! அந்தக் காலத்துக் கார்! எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. விளக்கு இங்கே என்றால் கார் எங்கே?

கடையில் முன்வரிசையில் வைத்தேன். அன்றைக்கே ஒரு அம்மாள் எடுத்துத் திருப்பினார், கவிழ்த்தார், தட்டிப் பார்த்தார். என் வாயெல்லாம் பல். அவர் கேட்டது: "ஏனுங்க, இந்தக் கண்ணாடியைக் கழட்டிப்போட்டு நாலு ஓட்டை போட்டுக் குடுத்தீங்கன்னா சோறு வடிக்க ஆகுமுங்களா?"

மூன்று சம்பந்தம் போன கதை

மறுவாரம் மயிலாத்தா வந்தார். சோமனூரில் தறி ஓட்டுகிறவர், வயது அறுபது இருக்கும். செம்பு வாங்க வந்தவர் விளக்கைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். விளிம்பில் ஒரு சின்ன நெளிசல். அதைக் கட்டைவிரலால் தடவி, "இது நான் போட்டதுங்க தம்பி. எட்டு வயசுல புளி போட்டுத் தேய்க்கையில கீழ உட்டுப்போட்டேன்" என்றார். எனக்குப் புல்லரித்துவிட்டது.

அவருடைய அப்பா கருப்பணன்தான் அந்தப் பண்ணாடியின் டிரைவர். யுத்தகாலத்தில் ஒருநாள் காரையும் காணோம், கருப்பணனையும் காணோம். டிரைவர் காரோடு ஓடிவிட்டான் என்று பண்ணாடி சொல்லிவிட்டார். கருப்பணன் பெண்டாட்டி பிள்ளையை ஈரோட்டுக்கு வரவழைத்துக்கொண்டு, அங்கே மஞ்சள் மூட்டை தூக்கியே செத்துப்போனார். காரைப் பற்றிக் கேட்டால் வாயே திறக்க மாட்டாராம். ஊருக்குத் திரும்பி வந்த தாய்க்கும் மகளுக்கும் 'கார் திருடன் ஊடு' என்ற பெயர்தான் மிச்சம். இப்போது மயிலாத்தாவின் மகனுக்குப் பெண் பார்க்கிறார்கள். அந்தப் பெயரைக் கேட்டே மூன்று சம்பந்தம் வந்த வழியே போய்விட்டது.

விளக்கு பண்ணாடி வீட்டுப் பரணில் கிடைத்ததைச் சொன்னேன். உடனே கேட்டார்: "காரோட ஓடிப்போனவரு, வெளக்கை மட்டும் எப்படிங்க அந்த ஊட்டுப் பரண்ல வெச்சுட்டுப் போவாரு?"

ரங்கசாமி குனிந்தான்

பழைய கார் என்றால் சோறு தண்ணி மறந்துவிடும் மெக்கானிக் ரங்கசாமியைக் கூட்டிக்கொண்டு அதே தோட்டத்துக்குப் போனேன். களத்தில் ஒரு டயர் வண்டி நின்றது. ரங்கசாமி அடியில் குனிந்தவன், "அண்ணா! அச்சு காரோடதுங்க!" என்று கத்தினான். நான் குதித்த குதியில் மாடு மிரண்டுவிட்டது.

அங்கிருந்து கிணற்று மேட்டுக்கு ஓடினோம். கரண்டு மோட்டாருக்குப் பின்னால், தென்னை ஓலைக்கடியில், துருப்பிடித்த ஒரு பழைய இஞ்சின். இருபது முப்பது வருஷம் இதுதான் தண்ணி இறைத்ததாம், மண்ணெண்ணெயில் ஓடியதாம். ஆயில் இஞ்சின் என்றுதான் எல்லாரும் நினைத்திருக்கிறார்கள். ஆயில் இஞ்சினுக்கு ஒரு சிலிண்டர்தான் இருக்கும்; ரங்கசாமி துருவைச் சுரண்டச் சுரண்ட ஒன்று, இரண்டு, மூன்று, கார் இஞ்சின் மாதிரி நான்கு! அவன் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டான். "கார் எங்கயும் ஓடலீங்கண்ணா. இங்கயே நின்னு கரும்புக்குத் தண்ணி பாய்ச்சிட்டு இருந்திருக்குது!"

ஆறிப்போன காபி

எனக்குப் பரண் சாமானை விற்ற மகன், அதாவது சின்னப் பண்ணாடி, மரியாதைக்காரர். விளக்கையும் இஞ்சினையும் பற்றி அவரிடம் எப்படிக் கேட்பது? கடைசியில் கேட்டேவிட்டேன். அவர் கையிலிருந்த காபியைக் குடிக்காமலே ஆறவிட்டுக் கீழே வைத்தார். அப்புறம் நடந்ததையெல்லாம் மடமடவென்று சொல்லிக் கொட்டினார். வெள்ளைக்காரச் சர்க்கார் யுத்தத்துக்குக் கார்களைப் பிடித்துக்கொண்டு போன சமயம் அது. பறிகொடுக்க மனசில்லாத அப்பா, காரைப் பிரித்து மேய்ந்துவிட்டு, டிரைவர் திருடிக்கொண்டு போய்விட்டான் என்று ஆபீசரிடம் எழுதிக் கொடுத்துவிட்டார். பிரித்து, இஞ்சினைக் கிணற்றில் மாட்டியது யார் தெரியுமா? கருப்பணனேதான்! "ரெண்டு மாசம் கண்ணுல படாம இரு, நான் சரி பண்ணிக்கறேன்" என்று பண்ணாடி சொன்னாராம். அந்தச் சொல்லை நம்பிய மனுஷன் சாகிறவரை பெற்ற மகளிடம்கூட மூச்சு விடவில்லை.

எனக்கு வந்த கோபத்தில் மரியாதை கிரியாதை எல்லாம் பறந்துவிட்டது. "இத்தனை வருஷமா உங்களுக்குத் தெரிஞ்சிருந்துமாங்க?" என்று கத்தியேவிட்டேன். அவர் தலையைத் தூக்கவில்லை. "சொல்லறன் சொல்லறன்னே எங்கப்பன் போய்ச் சேந்துட்டாருங்க. நானும் அதையேதான் செஞ்சுபோட்டேன்."

மாரியம்மன் நோம்பி

நோம்பியன்று, அதாவது ஊர்த் திருவிழாவன்று, கோயில் முன்னால் சொல்வதாகச் சின்னப் பண்ணாடி ஒத்துக்கொண்டார். ரங்கசாமி பதினைந்து நாள் இஞ்சினோடு மல்லுக்கட்டி, அதை அந்த டயர் வண்டியிலேயே ஏற்றிக் கொண்டுவந்தான். ஊரே கூடி நிற்கிறது. கைப்பிடியைச் சுற்றுகிறான், சுற்றுகிறான், அசைவே இல்லை. ஆறாவது சுற்றில் ஒரு இருமல், புகை, அப்புறம் தடதடவென்று ஓடியதே பாருங்கள்! விசில் அடித்தவர்களில் நானும் ஒருவன்.

இஞ்சினை நிறுத்தியதும் சின்னப் பண்ணாடி கைகூப்பி, "கருப்பணன் காரைத் திருடலீங்க. எங்கப்பன் பொய் சொல்லிப்போட்டாரு. என்னை மன்னிச்சுப்போடுங்க மயிலாத்தா" என்றார். முன்வரிசைக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். மயிலாத்தாவுக்குக் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. ஆனாலும் விளக்கை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மன்னிப்பு அப்பறம் இருக்கட்டுங்க. இன்னொருக்காச் சத்தமாச் சொல்லுங்க, பின்னால நிக்கறவங்களுக்குக் கேக்கல."

விளக்கு மயிலாத்தா வீட்டுக்குப் போய்விட்டது, நான்காவது சம்பந்தத்தில் கல்யாணச் சாப்பாடு எனக்குக் கிடைத்துவிட்டது, வடிதட்டு கேட்ட அம்மாள் மட்டும் இன்னும் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.